மாரிக்கு ஆர்எக்ஸ்-8ஐ மூடி வைப்பதா? சீரெக் எம்எக்ஸ்எஸ் 5.0 சார்ஜர் பற்றி

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் வேகமான கார் வைத்திருப்பவர்கள் அதை மாரிக்கு மூடி வைக்கத் தேவையில்லை. மாதக்கணக்கில் மூடி வைப்பதுதான் இங்கே அதற்குக் கூடாத காரியம். மழை விட்டு றோட்டுக் காய்ந்த நாளில் ஓட்டுங்கள். ஓட்ட முடியாத நாள்களில் பற்றரியைப் பார்த்துக்கொள்ள ஒரு நல்ல சார்ஜர் வைத்திருங்கள். நான் பாவிப்பது சுவீடன் நாட்டு நிறுவனமான சீரெக்கின் எம்எக்ஸ்எஸ் 5.0. இந்த விமர்சனம் அதைப் பற்றியது என்றாலும், எந்த வாகனத்துக்கு, எந்தக் காலநிலையில் என்று சொல்லாமல் சார்ஜரைப் பற்றிக் கதைத்துப் பயனில்லை.

என்னுடையது மஸ்டா ஆர்எக்ஸ்-8, ஆறு கியர். 2003இல் வந்து 2012இல் உற்பத்தி நின்றுபோன வாகனம். அதற்குள் இருப்பது ரோட்டரி எஞ்சின். பிஸ்ரன் கிடையாது. முக்கோணம் மாதிரியான இரண்டு ரோட்டர்கள் சுற்றுகின்றன, ஒவ்வொன்றும் 654 சீசீ. பதிவுப் புத்தகத்தில் 1308 சீசீ என்று பார்ப்பவர்கள் சின்னக் கார் என்று நினைப்பார்கள். ஆனால் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை அது ஏறும்போது வரும் சத்தத்தை ஒருமுறை கேட்டவர் அப்படிச் சொல்லமாட்டார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மறுபடி கதவு திறந்தது. திறந்தாலும் இந்தக் கார் இனி வரப்போவதில்லை. இருப்பதைக் காப்பாற்றி வைத்திருக்க வேண்டும் என்பதில் நான் தீவிரமாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் எல்லோரும் ஒரே ஆலோசனையைத்தான் சொல்வார்கள்: "குளிருக்கு நிப்பாட்டி வை." லண்டனில் இருக்கும் என் அண்ணா தன்னுடைய காரை நவம்பரில் கராஜுக்குள் விட்டு, றோட்டில் ஓடவில்லை என்று அரசாங்கத்துக்கு அறிவித்துவிடுவார். அந்த மாதங்களுக்கு வாகன வரி கட்டத் தேவையில்லை. கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகனும் முதல் பனி விழ முன்னமே மூடிவிட்டு, வசந்தம் வந்து றோட்டில் கொட்டிய உப்பை மழை கழுவிய பிறகுதான் வெளியே எடுப்பான். அங்கே அது முழுக்கச் சரி. பனியை உருக்கக் கொட்டுகிற உப்பு காரின் அடிப்பகுதியைத் தின்றுவிடும். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினால் கோடை ரயரின் ரப்பர் இறுகி, றோட்டைப் பிடிக்காது. பற்றரியும் குளிரில் சோர்ந்துபோகும்.

எங்களுடைய மாரி அந்தக் குளிர்காலம் இல்லை. ஒக்ரோபரில் தொடங்கி டிசம்பர் வரை வாடைக்காற்றோடு வருவது மழைதான். மார்கழியின் விடியற்காலையில்கூடப் பெரும்பாலும் 20 பாகைக்கு மேலேதான் இருக்கும். ரயர் இறுகாது. தவாளிப்பு ஆழமாக இருக்கிற கோடை ரயர் எங்கள் மழைக்கு நன்றாகவே பிடிக்கும். தேய்ந்த ரயர்தான் ஆபத்து. ஆர்எக்ஸ்-8இன் ரயர் 225 மில்லிமீற்றர் அகலம், வாகனமோ பின்சில்லில் இழுப்பது. தவாளிப்புத் தேய்ந்திருந்தால் ஒரு சின்ன நீர்த்தேக்கத்திலேயே ரயர் தண்ணீருக்கு மேலே மிதக்கத் தொடங்கிவிடும். ஆகவே மாரிக்கு முன்னம் ரயரைப் பாருங்கள் என்பது சரியான ஆலோசனை. மாரிக்கு நிப்பாட்டி வையுங்கள் என்பதை லண்டனிலும் ரொறன்ரோவிலும் விட்டுவிடுவோம்.

நிப்பாட்டி வைத்தால் இங்கே என்ன நடக்கும்? பிரேக் தட்டில் ஓரிரு நாளிலேயே செம்மஞ்சள் துரு படியும். ஓடினால் அது உராய்ந்து போய்விடும். ஓடாமல் வாரக்கணக்கில் விட்டால் குழிவிழத் தொடங்கும். கைப்பிரேக் இழுத்தபடி நின்றால் பிரேக் கட்டை தட்டோடு ஒட்டிக்கொள்ளும். கிளச் தட்டும் அப்படித்தான். உள்ளே ஈரம் நின்று சீற்றிலும் ஸ்ரியரிங் தோலிலும் பூஞ்சணம் பிடிக்கும். ரயர் ஒரே இடத்தில் அமுங்கி நின்று தட்டையாகும். எல்லாவற்றிலும் மோசமானது எலி. மழைக்கு வளவில் இருக்கும் வளையெல்லாம் நீர் நிரம்ப, எலி காய்ந்த இடம் தேடி வரும். எஞ்சின் மூடிக்கு அடியில் அதைவிட வசதியான இடம் அதற்குக் கிடைக்காது. வயரைக் கடித்துவிட்டால் தேடிக் கண்டுபிடிப்பதே பெரிய வேலை. இடைக்கிடை ஓடுகிற வாகனத்தில் எலி கூடு கட்டுவது குறைவு.

இனிப் பற்றரிக்கு வருகிறேன். நன்றாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ற் பற்றரி, வாகனம் நின்று சில மணிநேரம் கழித்து அளந்தால் 12.6 அல்லது 12.7 வோல்ற் காட்டும். 12.4 என்றால் கால்வாசி போய்விட்டது. 12.2 என்றால் பாதி. 12.4க்குக் கீழே கிடக்கவிட்டால் ஈயத்தகட்டில் சல்பேற்று படிந்து இறுகும். அதற்குப் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு வராது. சும்மா நிற்கிற பற்றரி தானாக இறங்குவதும் வெப்பத்தோடு கூடும். 10 பாகை ஏறினால் அந்த இறக்கம் ஏறத்தாழ இரட்டிப்பு. குளிர்நாட்டில் பற்றரி குளிரில் சோர்கிறது என்றால், எங்களிடம் வெப்பத்தில் கசிந்து போகிறது. அதோடு அலாரம், மணிக்கூடு, எஞ்சின் கணினி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருக்கும்.

சாதாரணக் காரில் பற்றரி சோர்ந்தால் பக்கத்து வீட்டுக்காரரின் வாகனத்திலிருந்து வயர் போட்டு ஸ்ரார்ட் பண்ணிவிடலாம். ரோட்டரியில் அது அவ்வளவு லேசில்லை. ரோட்டரின் முனைகளில் இருக்கும் சீல்கள் வேகமாகச் சுற்றினால்தான் நன்றாக அடைத்து அமுக்கம் தரும். பற்றரி பலவீனமாக இருந்தால் ஸ்ரார்ட்டர் மெதுவாகச் சுற்றும். அமுக்கம் போதாது, எஞ்சின் பிடிக்காது. ஆனால் பெற்றோல் மட்டும் உள்ளே விழுந்துகொண்டே இருக்கும். பிளக்குகள் நனையும். சீலில் இருக்கும் ஒயில் படலத்தையும் பெற்றோல் கழுவிக்கொண்டு போகும். அமுக்கம் இன்னும் குறையும். இதைத்தான் எஞ்சின் 'பிளட்' (flood) ஆகிவிட்டது என்கிறோம். அதை எழுப்ப, அக்சிலேற்றரை அடிமட்டும் மிதித்துப் பெற்றோலை நிறுத்திவிட்டு விட்டு விட்டுச் சுற்ற வேண்டும். அதற்கும் நல்ல பற்றரி வேண்டும்!

இன்னொரு பக்கமும் உண்டு. குளிர்ந்த ரோட்டரி எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணி, காரைப் பத்தடி நகர்த்திவிட்டு உடனே நிப்பாட்டினாலும் இதே கதைதான். கொக்குவிலில் என் வாகனத்தைப் பார்க்கும் கராஜ் அண்ணை திரும்பத் திரும்பச் சொல்வது: "தங்கச்சி, சும்மா ஸ்ரார்ட் பண்ணிப் போட்டு நிப்பாட்டாதேங்கோ. ஸ்ரார்ட் பண்ணினா ஒரு சுத்து ஓடி, நல்லாச் சூடேத்திக் கொண்டுவந்து விடுங்கோ." ஆகவே, "மழைதானே, கிழமைக்கொருக்கா போர்ட்டிக்கோவிலேயே அஞ்சு நிமிசம் எஞ்சினைப் போட்டு விடுவம்" என்கிற, எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற வேலை ஆர்எக்ஸ்-8க்குச் சரிவராது. வேறு வாகனங்களுக்கும் அது அவ்வளவு நல்லதில்லை. ஸ்ரார்ட் பண்ண எடுத்த மின்சாரத்தை அந்த ஐந்து நிமிடத்தில் ஓல்ற்றர்நேற்றர் திருப்பித் தந்துவிடாது. சைலன்சருக்குள் நீர் தேங்கும். ஒயிலில் சேர்ந்த ஈரம் ஆவியாகிப் போகிற சூடும் வராது.

அதனால்தான் சீரெக். கையடக்கமான கறுப்புப் பெட்டி, நிறை 600 கிராம். முன்பக்கத்தில் 1 தொடக்கம் 8 வரை சின்ன விளக்குகள், ஒரேயொரு பொத்தான். 5 ஆம்பியர் வரை தரும். 1.2 தொடக்கம் 110 ஆம்பியர்-மணி வரையான பற்றரிகளைச் சார்ஜ் பண்ணும். பராமரிப்புக்கு மட்டும் என்றால் 160 வரை தாங்கும். அதாவது அப்பாவின் மோட்டார் சைக்கிளுக்கும் இதே சார்ஜர்தான், பொத்தானை அமத்தி மோட்டார் சைக்கிள் படத்துக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். நேர், எதிர் முனைகளை மாற்றிப் பூட்டினால் பிழை விளக்குத்தான் எரியும், பொறி பறக்காது.

எட்டுப் படி என்பதைச் சும்மா விளம்பரம் என்று நினைக்க வேண்டாம். முதற்படியில் துடிப்புத் துடிப்பாக மின்சாரம் அனுப்பிச் சல்பேற்றைக் கரைக்கப் பார்க்கும். இரண்டாவதில் பற்றரி சார்ஜை ஏற்குமா என்று மெதுவாகச் சோதிக்கும். மூன்றும் நான்கும்தான் உண்மையான சார்ஜ். ஐந்தாவதில், ஏறிய சார்ஜ் நிற்கிறதா என்று பார்க்கும். நிற்கவில்லை என்றால் பிழை விளக்கு எரியும். பற்றரி முடிந்துவிட்டது என்று அர்த்தம். ஆறாவது படி நாங்கள் விரும்பினால் மட்டும் வருவது, அதைக் கீழே சொல்கிறேன். ஏழாவதில் 13.6 வோல்ற்றில் பத்து நாள் வரை பிடித்து வைத்திருக்கும். அதற்குப் பிறகு எட்டாவது: வோல்ற் இறங்கும்போது மட்டும் ஒரு துடிப்புக் கொடுத்து, 95க்கும் 100 வீதத்துக்கும் இடையில் வைத்திருக்கும். இந்த எட்டாவது படிக்காகத்தான் நான் இதை விரும்புகிறேன். கடையில் கிடைக்கிற பழைய பாணிச் சார்ஜர்கள் நிறைந்த பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கும். பற்றரி கொதிக்கும், அமில மணம் வரும், ஆள் பக்கத்தில் நின்று கழற்ற வேண்டும். இதைப் பூட்டிவிட்டு நான் வங்கிக்கு வேலைக்குப் போய்விடலாம்.

பொத்தானைப் பற்றி முக்கியமான ஒன்று. என்னிடம் உள்ள மாதிரியில் கார் படத்துக்குப் பக்கத்தில் பனிப்பூப் படம் ஒன்று இருக்கிறது. கார் படம் என்றால் 14.4 வோல்ற், பனிப்பூ என்றால் 14.7. பனிப்பூ கடுங்குளிருக்கும், அமிலத்தைக் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறவைத்து அடைத்த ஏஜிஎம் வகைப் பற்றரிக்கும் உரியது. மாரி குளிராகத்தானே இருக்கிறது என்று பனிப்பூவை அமத்திவிடாதீர்கள். எங்களுடைய மாரிக்குச் சாதாரண ஈயப் பற்றரி என்றால் கார் படம்தான். 'ரீகண்ட்' என்று எழுதிய நிலையும் உண்டு, ஆறாவது படி அதுதான். 15.8 வோல்ற் வரை ஏற்றி, ஆழமாக இறங்கிப்போன பற்றரியின் அமிலத்தைக் கலக்கிவிடும். அதைப் பாவிப்பதென்றால் பற்றரியை வாகனத்திலிருந்து கழற்றி, காற்றோட்டமான விறாந்தையில் வைத்துச் செய்யுங்கள். வாகனத்தின் கணினிகளுக்கு அவ்வளவு வோல்ற் நல்லதில்லை.

மின்வெட்டு எங்களுக்குப் புதிதில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்சாரம் இல்லாமல் இருந்த நாடு இது. அதே வருடம் பெற்றோலும் இல்லை. கியூஆர் அட்டையைக் காட்டிக் கிழமைக்கு 20 லீற்றர் எடுத்த காலத்தில் எத்தனையோ வாகனங்கள் படலைக்குள்ளேயே நின்று பற்றரி செத்துப் போயின. சீரெக்கில் எனக்குப் பிடித்த இன்னொரு விசயம், மின்சாரம் போய் வந்தால் கடைசியாக எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே தானாகத் தொடங்கிவிடும். யாரும் போய்ப் பொத்தான் அமத்தத் தேவையில்லை. இடி மின்னல் என்றால் மட்டும் பிளக்கைக் கழற்றிவிடுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கத் தொடங்கினால் அம்மா வீட்டிலிருக்கும் பிளக் எல்லாவற்றையும் கழற்றுவார். இதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

வாங்குவது பற்றி. வெளிநாட்டிலிருந்து ஆரும் வரும்போது கொண்டுவரச் சொல்வதென்றால் கனடாவிலிருந்து வேண்டாம். அங்கே விற்கிற சீரெக் 110 - 120 வோல்ற்றுக்குச் செய்தது. எங்கள் 230இல் பூட்டவே கூடாது. ஐரோப்பாவில் விற்பது 220 - 240 வோல்ற். லண்டனில் வாங்கினால் இன்னும் வசதி, அவர்களுடைய சதுர முள் பிளக் எங்கள் புதிய வீட்டுச் சுவரில் நேரே ஏறும். ஜேர்மனி, சுவிஸ் என்றால் ஒரு மாற்றுப் பிளக் வேண்டும். என்னுடையது அண்ணா கொண்டுவந்தது. பெட்டிக்குள் கவ்விகளோடு, பற்றரியின் முனையில் நிரந்தரமாகப் பூட்டி விடக்கூடிய வளைய வயர் ஒன்றும் வந்தது. அதைப் பூட்டிவிடுங்கள். ஆர்எக்ஸ்-8இன் பற்றரிக்கு மேலே மூடி இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதைத் திறந்து கவ்வி பூட்டுவது அலுப்பு. அலுப்பு வந்தால் சார்ஜ் போடுவதைத் தள்ளிப்போடுவோம். வளைய வயர் இருந்தால் எஞ்சின் மூடியைத் தூக்கி ஒரு சின்னப் பிளக்கைச் செருகுவதோடு வேலை முடிந்தது.

திரையில் வோல்ற் எண் காட்டாது, விளக்குகள்தான். எண் தெரிய வேண்டும் என்றால் மல்ரிமீற்றர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதிக விலையில்லை. வாகனம் வைத்திருக்கும் யாரும் அதை வைத்திருக்கத்தான் வேண்டும்.

சார்ஜர் செய்யாதது எது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை வாங்கியவர்கள் பலர் இனி ஓட்டத் தேவையில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். பற்றரியைத் தவிர வேறெதையும் இது காப்பாற்றாது. பிரேக், கிளச், ரயர், சீல், எலி, எல்லாம் அப்படியேதான் இருக்கும். இது எனக்குத் தருவது அவகாசம். தொடர்மழையில், பற்றரி இறங்கிவிடுமே என்ற பயத்தில் வெள்ளத்துக்குள் காரை எடுக்கத் தேவையில்லை. மழை விடும்வரை நிம்மதியாகப் பொறுத்திருக்கலாம்.

மழை விட்டதும் என்ன செய்கிறேன்? ஞாயிறு காலையில் றோட்டுக் காய்ந்திருந்தால் இணுவிலிலிருந்து வெளிக்கிட்டு, கோப்பாய்ச் சந்திக்கு வந்து, பருத்தித்துறை வீதியால் நீர்வேலி, புத்தூர் தாண்டி வல்லை வெளி வரை ஓடுவேன். சில நாள்களில் ஏ9இல் கொடிகாமம், பளை தாண்டி ஆனையிறவு. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஆளில்லாத நேர் றோட்டில் கீழ் கியரில் வைத்துச் சுற்றை மேலே ஏற்றுவேன். ரோட்டரிக்கு அது தேவை, உள்ளே படிகிற கரி எரியும். வேகக் கட்டுப்பாட்டை மீற வேண்டியதில்லை. இரண்டாம் கியரிலேயே அந்தச் சத்தத்தைக் கேட்டுவிடலாம். இந்த எஞ்சின் சீலுக்கு ஒயில் கொடுக்கவென்றே கொஞ்சம் கொஞ்சமாக ஒயிலை எரிக்கும். ஆகவே பெற்றோல் செட்டுக்குப் போய்வரும்போதெல்லாம் ஒயில் அளவுக் கம்பியைப் பார்க்கிற பழக்கமும் வேண்டும்.

போகாத இடங்களும் உண்டு. வாடை பலமாக அடிக்கும்போது பண்ணைப் பாலமும் காரைநகர் போகிற பொன்னாலைப் பாலமும் வேண்டாம். இரண்டு பக்கமும் கடலேரி, அலையின் தூவானம் நேரே றோட்டில் விழும். ஸ்காபரோவில் லொறி வைத்துக் கொட்டுகிற உப்பை இங்கே காற்றே கொண்டுவந்து கொட்டுகிறது. பிறகு வெள்ளம். எங்கள் குடாநாட்டில் நீரை இழுத்துப்போகப் பெரிய ஆறு கிடையாது, நிலமோ தட்டை. 2008இல் நிஷா, 2020இல் புரேவி வந்தபோது பார்த்தோமே. புயல் இல்லாமலே தாழ்ந்த ஒழுங்கைகளில் முழங்கால் அளவு நீர் நாள்கணக்கில் நிற்கும். ஆர்எக்ஸ்-8 தாழ்ந்த வாகனம். எஞ்சின் நீரை உறிஞ்சினால் அந்த எஞ்சின் முடிந்தது. தேங்கிய நீரின் ஆழம் தெரியாவிட்டால் திரும்பி வேறு றோட்டால் போகிறேன், எவ்வளவு சுற்றானாலும்.

வீட்டுக்கு வந்ததும் கழுவல். இணுவில் செம்மண் சில்லுக்கு மேலே அப்பிக்கொண்டால் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அங்கேதான் துரு தொடங்கும். அடிப்பகுதியையும் சில்லின் உட்புறத்தையும் கிணற்றுத் தண்ணீரால் நன்றாக அடித்துக் கழுவுகிறேன். ஆனால் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர் வன்னீர், பெயின்றில் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும். அதனால் மேற்பகுதிக்குக் கடைசியாகப் பீலியில் பிடித்த மழைநீரை ஊற்றித் துடைக்கிறேன். மாரியில் வேறெந்தக் காலத்திலும் கிடைக்காத வசதி இது. ஈரத்தோடு படங்கு போட்டு மூடாதீர்கள். பிளாஸ்ரிக் படங்கு உள்ளே ஈரத்தை அடைத்து வேகவைக்கும். காற்றுப் போய்வரும் துணி உறை இருந்தால் போடலாம், இல்லாவிட்டால் கூரைக்குக் கீழே சும்மா நிற்பதே நல்லது.

நாள்தோறும் வேலைக்கு ஓட்டுகிற காருக்கு இந்தச் சார்ஜர் தேவையில்லை, காசை ரயரில் போடுங்கள். ஆர்எக்ஸ்-8, இம்பிரேசா, லான்சர் எவலூஷன் மாதிரி ஓய்வுநாளில் மட்டும் எடுக்கிற வாகனம் இருந்தால் கட்டாயம் வாங்குங்கள். நிறுத்துகிற இடத்தில் பிளக் இல்லாதவர்கள் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றி விடலாம். பற்றரி மெதுவாக இறங்கும், ஆனாலும் அலாரம் குடிப்பது நிற்கும். ஆர்எக்ஸ்-8இல் திரும்பப் பூட்டியதும் சறுக்கல் கட்டுப்பாட்டு விளக்கு எரிந்தபடி நிற்கும். பயப்பட வேண்டாம், எஞ்சினைப் போட்டு ஸ்ரியரிங்கை இடப்பக்கம் முட்ட ஒருமுறை, வலப்பக்கம் முட்ட ஒருமுறை திருப்பினால் அணைந்துவிடும். அப்புறம் கராஜ் அண்ணை சொன்ன மாதிரி ஒரு சுற்று ஓடிவிட்டுத்தான் நிப்பாட்ட வேண்டும்.